சீமைப் பெயரும் அம்பத்தூர் வண்டியும்

நம் வாலிபர் பலர், பிறர் கண்ணுக்கு மிடுக்காய்த் தோன்றவேண்டுமென்று படும்பாடு பெரிது. இது நேற்றுத் தோன்றிய நோயன்று. அம்பத்தூர் மிதிவண்டியின் சரித்திரமே அதற்குப் போதிய சான்றாகும்.

1949-ஆம் ஆண்டு முருகப்பா குடும்பத்தாரும் இங்கிலாந்து தேசத்து டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் கம்பெனியாரும் கூடி டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனியை நிறுவினர். தொழிற்சாலை அம்பத்தூரில் அமைந்தது. 1955-இல் ஆவடியில் எஃகுக் குழாய்ச் சாலையும், 1960-இல் அம்பத்தூரிலேயே சங்கிலிச் சாலையும் எழுந்தன. செய்த கைகள் நம் பக்கத்தார் கைகள். பெயர் மாத்திரம் சீமையது. ஹெர்குலிஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. என்ற மூன்றும் பர்மிங்ஹாம் பக்கத்துப் பெயர்கள். இவற்றுள் பி.எஸ்.ஏ. என்பது 1861-இல் அந்நகரத்துத் துப்பாக்கிக் கம்மியர் கூடித் தொடங்கிய கம்பெனியின் பெயர்ச் சுருக்கம். மூன்று துப்பாக்கிகளைச் சாய்த்து நிறுத்திய சின்னமும் அதனால் வந்ததே. அப்பெயரைத் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக்கித் தெருவிற் சென்றவருள் அதன் பொருளறிந்தார் எத்துணைப் பேர்? 'இஃது எம் தெருவார் செய்த வண்டி' என்று சொல்லிப் பெருமை கொண்டாரை நாம் கண்டிலோம்.

நிற்க. இக்காலப் பிள்ளைகளைக் கடியும் பெரியோர்க்கும் ஒரு வார்த்தை. டைனமோ விளக்கைப் பட்டப்பகலில் மினுக்கிக்கொண்டும், ஆளில்லாத வீதியில் மணியடித்துக்கொண்டும் திரிந்தவர் யாவர்? மாப்பிள்ளைச் சீரில் சைக்கிள் வேண்டுமென்று முரண்டியவர் யாவர்? அந்த டம்பத்திற்குக் கடன்பட்டவர் பெண்ணைப் பெற்றவரே அன்றோ!

பின்னர் வந்தது மலைச் சைக்கிள். 1970-ஆம் ஆண்டுகளில் அமெரிக்க தேசத்துக் கலிபோர்னியாவில், மலைச்சரிவுகளில் இறங்கி ஓடுதற்கென்று தோன்றியது அது. ஏரியும் வயலுமாய்க் கிடந்த அம்பத்தூர், பூந்தமல்லிச் சமநிலத்தில் மலைக்கு எங்கே போவது? தடித்த டயரை வீணே மிதித்து மூச்சு வாங்குகின்றனர். மட்கார்டு அழகைக் கெடுக்குமாம். ஆகவே மழைநாளில் முதுகெல்லாம் சேறு. கேரியரும் இல்லாமையால், வீட்டுக்கு அரிசி வேண்டின் தந்தையின் பழைய வண்டியே போய்வருகின்றது.

பள்ளி ஆசிரியராகிய நாம் காலைதோறும் காண்பது ஒன்றுண்டு. ஆலை வேலைக்குப் போகும் தந்தை, மகனைத் தம் பழைய வண்டியின் பின்னே ஏற்றி வருவார். தோழர் கண்ணிற் படாதபடி மகன் தெருமுனையிலேயே இறங்கிவிடுவான். தந்தைக்குக் காரணம் தெரியாமலில்லை. பையை எடுத்துக் கொடுத்துவிட்டு, அங்கேயே வண்டியைத் திருப்பிக்கொண்டு போகின்றார்.