நனைந்த துளையும் பதிவேறாத உடல்களும்: விட்வாட்டர்ஸ்ராண்ட் தங்கச் சுரங்கங்களில் சிலிக்காத் தூசுத் தடுப்பு (1902–1930)

முன்னுரை

தொழில்சார் நோய்களின் வரலாறு பெரும்பாலும் அறியாமையிலிருந்து அறிவுக்குச் சென்ற பயணமாகவே எழுதப்படுகிறது. முதலில் காரணம் தெரியவில்லை. பின்னர் மருத்துவர் கண்டறிந்தனர். அதன்பின் பொறியாளர் தடுத்தனர் என்பது அவ்வரலாற்றின் வழக்கமான ஒழுங்கு. தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் தங்கச் சுரங்கங்கள் தரும் சான்றுகள் இவ்வொழுங்கிற்கு இசையவில்லை. அங்கே தூசை அடக்கும் வழி முன்னரே தெரிந்திருந்தது. அவ்வழியால் எவர் காக்கப்பட்டனர் என்பது, எவருடைய நுரையீரல் பதிவேட்டில் ஏறியது என்பதைப் பொறுத்தே அமைந்தது. இக்கட்டுரை 1902 முதல் 1930 வரையிலான காலப்பகுதியை இந்நோக்கில் ஆராய்கிறது. தமிழ்த் தொழிலாளர் பெருந்திரளாக உழைத்த கோலார் தங்கவயலின் சான்று ஒன்றும் இறுதியில் ஒப்புநோக்கப்படுகிறது.

துளைப்பொறியும் தூசும்

ராண்டின் தங்கம் படிகக்கல் செறிந்த கூழாங்கற் பாறையடுக்கில் நுண்துகளாக விரவிக் கிடப்பது. பாறையைத் துளைத்து, வெடித்து, அள்ளி, பொடியாக்கினாலன்றிப் பொன் கிட்டாது. இந்நான்கு படிகளிலும் சிலிக்காத் தூசு எழும். கையால் சுத்தியல் கொண்டு துளையிட்டபோதும் தூசு இருந்தது. எனினும் அழுத்தக் காற்றால் இயங்கும் துளைப்பொறி வந்தபின் அதன் அளவு பன்மடங்கு பெருகியது. கண்ணுக்குப் புலப்படும் துகளினும் கொடியது புலப்படாத துகள். ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஐந்து பங்கிற்கும் குறைவான துகள்களே நுரையீரலின் காற்றுநுண்ணறைகள் வரை சென்று தங்குகின்றன. அங்கே வடுத் திசு வளர்ந்து மூச்சு குறுகுகிறது, காசநோய்க்கும் இடமாகிறது. பெரும்பாலும் பல்லாண்டுகள் கழித்தே நோய் தென்படும்; சுரங்கத்தை விட்டு நீங்கிய பின்னும் அது வளரும். இவ்விறுதி இயல்பே பின்னர்க் காணவிருக்கும் கணக்குகளையெல்லாம் குலைப்பது.

1899-இல் போர் மூண்டதும் ராண்டின் சுரங்கங்கள் பெரும்பாலும் நின்றுபோயின. மீண்டும் பணி தொடங்கியபோது, போருக்கு முன் அங்கே துளைப்பொறி இயக்கிய வெள்ளையரில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் இறந்திருந்தது தெரியவந்தது. 1902-இல் அமைக்கப்பட்ட வெல்டன் ஆணையம் இதனை ஆராய்ந்தது. ராண்டின் துளைப்பொறியாளரில் பலர் இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து சென்றவர்கள். நோயுற்று ஊர் திரும்பியோரின் மரணம் அங்கும் உசாவலுக்கு வழிவகுத்தது. ஜே. எஸ். ஹால்டேன் குழுவினர் 1904-இல் அளித்த அறிக்கை, துளைப்பொறியாளரில் மிகப் பெரும்பாலோர் நுரையீரல் நோயாலேயே மாண்டனர் என்பதையும், கல்தூசே அதற்குக் காரணம் என்பதையும் உறுதிசெய்தது.

தீர்வோ அதற்கு முன்னரே உருவாகியிருந்தது. கொலராடோவைச் சேர்ந்த ஜான் ஜார்ஜ் லெய்னர் 1890களின் இறுதியில் உள்ளீடற்ற துளைக்கம்பியை வடிவமைத்தார். அதனூடே முதலில் அவர் செலுத்தியது காற்றை. தூசு முன்னிலும் மிகுந்து, இயக்குவோர் அப்பொறியை வெறுத்தனர். பின்னர் நீரையும் சேர்த்துச் செலுத்தினார். கற்பொடி சேறாகி வெளியேறியது. ஆயினும் கருவி இருப்பது வேறு, பணிமுகத்தில் நீர் இருப்பது வேறு. துளையிடுவோர் துளைத்த அளவிற்கேற்பக் கூலி பெற்ற முறையில், நீர்க்குழாய் இழுப்பதற்கும் தெளிப்பதற்கும் செலவான நேரம் அவர்தம் கூலியிலிருந்தே கழிந்தது. நீரைப் பயன்படுத்தாத தொழிலாளியின் ‘கவனக்குறைவு’ என்று பேசுவோர் இக்கூலிமுறையைக் கருதுவதில்லை.

நீர் வேறொரு விலையும் கேட்டது. ஆழம் கூடக் கூடப் பாறை வெப்பமும் கூடியது. தூசை அடக்கத் தெளித்த நீரோ காற்றின் ஈரத்தைப் பெருக்கியது. வியர்வை உலராத காற்றில் உடல் தணிய வழியில்லை. 1920களின் நடுப்பகுதியிலிருந்து ராண்டில் வெப்பத் தாக்க மரணங்கள் பதிவாகத் தொடங்கின. ஓர் ஆபத்தை நீக்கிய கருவியே மற்றொன்றைத் தோற்றுவித்த இந்நிகழ்வைத் தடுப்பின் வரலாற்றிலிருந்து பிரித்துப் படிக்க இயலாது.

எண்ணப்பட்ட துகள், எண்ணப்படாத மனிதர்

1911, 1912 ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் நோயுற்ற சுரங்கத் தொழிலாளர்க்கு இழப்பீட்டு முறையை நிறுவின. 1916-இல் தனி மருத்துவப் பணியகம் ஏற்பட்டது. ஏறத்தாழ அக்காலத்திலேயே அரசுச் சுரங்கப் பொறியாளர் ராபர்ட் கோட்சே ‘கோனிமீட்டர்’ என்னும் கருவியை உருவாக்கினார். பசை பூசிய கண்ணாடித் தகட்டின்மீது சிறிதளவு காற்றைப் பாய்ச்சி, ஒட்டிய துகள்களை நுண்ணோக்கியால் எண்ணுவது அதன் முறை. பாறைமுகத்துத் தூசு இவ்வாறு எண்ணாக மாறியது. பணிநேரத்தின் முடிவில் மட்டும் வெடிவைத்தல், வெடித்தபின் தூசு படியும்வரை ஆட்களை அனுப்பாதிருத்தல், பாறைக்குவியலை நனைத்தல் ஆகிய விதிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. உலகில் அன்று இதற்கு நிகரான தூசுக் கட்டுப்பாடு அரிது என்பது மிகையன்று.

ஆனால், மனிதரைச் சோதித்த முறை ஒன்றாக இல்லை. வெள்ளைத் தொழிலாளர்க்குப் பணியில் சேருமுன்னும், பின்னர் குறித்த கால இடைவெளிகளிலும் பணியகமே சோதனை நடத்தியது, கதிர்ப்படமும் எடுக்கப்பட்டது. கறுப்பினத் தொழிலாளரைச் சோதித்தவர் சுரங்கத்தின் சொந்த மருத்துவர். அவர்களை வரிசையாக நிறுத்தி எடைபார்ப்பதே முதன்மை முறை. எடை குறைந்தவர் மட்டுமே மேற்சோதனைக்கு அனுப்பப்பட்டனர். காசநோய் எடையைக் குறைக்கும். தொடக்கநிலைச் சிலிக்கோசிஸ் குறைக்க வேண்டியதில்லை. ஆகவே அம்முறை எந்நோயைத் தேடியதோ அந்நோயையே கண்டது. வெடித்த பாறையை அள்ளும் வேலை, அதாவது தூசின் நடுவே நிற்கும் வேலை, பெரும்பாலும் இவர்களுடையது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். ஒப்பந்தம் முடிந்ததும் இவர்கள் மொசாம்பிக், பசுட்டோலாந்து, டிரான்ஸ்கை முதலிய தொலைவூர்களுக்குத் திரும்பினர். அங்கே கதிர்ப்படக் கருவி இல்லை. மரணக் காரணத்தைப் பதிவோரும் அரியர்.

1930 ஆகஸ்ட்டில் ஜோகன்னஸ்பர்க்கில் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் சிலிக்கோசிஸ் மாநாடு கூடியபோது, ராண்டு பிறநாட்டு வல்லுநர்க்கு முன்மாதிரியாகக் காட்டப்பட்டது. 1934-இல் அவ்வமைப்பின் 42ஆம் உடன்படிக்கை சிலிக்கோசிஸை இழப்பீட்டிற்குரிய நோய்ப்பட்டியலில் சேர்த்தது. அம்மாநாட்டின் அறிவியற் பயன் பெரிது. எனினும் அங்கே காட்டப்பட்ட வெற்றி, எண்ணப்பட்டவர்களின் வெற்றியே.

கோலார்: ஓர் ஒப்புநோக்கு

கோலார் தங்கவயலை 1880களிலிருந்து நடத்திய ஜான் டெய்லர் நிறுவனம் கார்ன்வால் சுரங்கத்தொழிலோடு நெடுந்தொடர்புடையது. அங்கிருந்தே மேற்பார்வையாளர் பலர் வந்தனர். நிலத்தடியில் உழைத்தோரில் பெரும்பகுதியினர் வட ஆற்காடு முதலிய மாவட்டங்களின் தமிழர், அவர்களுள்ளும் மிகுதியானோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். பொறியும் முதலீடும் கண்டம் கடந்து வந்த விரைவில் நோய்க்கணக்கு வரவில்லை. 1940 முதல் 1946 வரை நடந்த ஆய்வில் 7,653 தொழிலாளர் சோதிக்கப்பட்டனர், 43.7 விழுக்காட்டினர்க்குச் சிலிக்கோசிஸ் இருந்ததாக 1947-இல் வெளியான முடிவு கூறியது. ஹால்டேன் அறிக்கைக்கும் இதற்கும் இடையே 43 ஆண்டுகள். இவ்விகிதமும் சோதனைக்கு உட்பட்டோருடையதே. இருமலோடு ஆம்பூருக்கோ குடியாத்தத்திற்கோ திரும்பியவர் இருப்பின், அவரை எப்பதிவேட்டில் தேடுவது என்பதே இத்துறையில் புகும் தமிழ் ஆய்வாளர் முதலில் எதிர்கொள்ளும் வினா. அலுவல் ஆவணங்களைவிட ஊர்ப்புற வாய்மொழிச் சான்றும், ஆலயங்களின் அடக்கப் பதிவேடும் இங்குக் கூடுதலாகப் பயன்படக்கூடும்.

ஊர் திரும்பியோரைத் தேடிச் சென்ற எண்ணிக்கை தென்னாப்பிரிக்கப் பகுதியில் 1990களில்தான் நிகழ்ந்தது. போட்ஸ்வானாவின் தமாகா ஊரில் முன்னாள் சுரங்கத் தொழிலாளரிடம் நடத்திய ஆய்வு, ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கும் மேலாகத் தூசுநோய் இருப்பதைக் கண்டது. டிரான்ஸ்கையைச் சேர்ந்த லிபோடே மாவட்ட ஆய்வும் அதனையொத்த முடிவையே தந்தது. இச்சான்றுகளின் பின்புலத்தில் எழுந்த கூட்டு வழக்கில் தங்க நிறுவனங்கள் ஒப்புக்கொண்ட இழப்பீட்டு உடன்பாட்டை ஜோகன்னஸ்பர்க் உயர் நீதிமன்றம் 2019 ஜூலையில் ஏற்றது. 1965 மார்ச் 12-க்குப் பின் பணியாற்றியோர்க்கே அது பொருந்தும். 1930 மாநாட்டின்போது பாறை அள்ளியவர்களின் குடும்பங்கள் அதன் எல்லைக்குள் வரவில்லை.