தூத்துக்குடித் தோணியும் எஞ்சின் காப்பீடும்

தூத்துக்குடித் தோணி என்பது முத்துக்குளித்துறைக் கரையில் கட்டப்பட்டு, கொழும்பு, மாலத்தீவு முதலிய அண்டைத் துறைகளுக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் மரக்கலம். பாயை மட்டும் நம்பி ஓடிய இத்தோணிகள் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எஞ்சின் பொருத்திக்கொண்டன. ஓர் அளவு விசைக்கென்று கட்டிய உடலில் வேறு விசையை ஏற்றும்போது மரத்திலும் சட்டத்திலும் காப்பீட்டிலும் என்ன மாறுகிறது என்பதை இத்தோணிகளின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. இன்று காரில் டர்போ பொருத்த நினைப்பவர் சந்திக்கும் கேள்விகள் பலவும் இக்கரையில் முன்பே எழுந்தவைதாம்.

பாயிலிருந்து எஞ்சினுக்கு

தூத்துக்குடியின் பழைய துறைமுகம் ஆழம் குறைந்தது. பெரிய கப்பல்கள் கரைக்குப் பல மைல் அப்பால் நங்கூரமிடும். கப்பலுக்கும் கரைக்கும் இடையே சரக்கைச் சுமந்தவை தோணிகளே. 1974 ஜூலை 11 அன்று புதிய துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. கப்பல்கள் நேரே மேடையில் அணையத் தொடங்கியதும் அந்த வேலை தோணிகளின் கையை விட்டுப் போயிற்று. எஞ்சி நின்றது கடல் கடந்த ஓட்டம். கொழும்பு ஏறத்தாழ 150 கடல் மைல். மாலே 400 கடல் மைலை ஒட்டியது.

பாய்த்தோணிக்குப் புறப்படும் நாள் தெரியும், சேரும் நாள் தெரியாது. காற்று விழுந்துவிட்டால் நடுக்கடலில் காத்துக்கிடக்க வேண்டும். ஏற்றியிருப்பது வெங்காயமும் காய்கறியும் என்றால் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் நட்டம். கச்சான் காற்று வலுக்கும் மாதங்களில் மாலே ஓட்டமே நின்றுவிடும். குஜராத் கரையின் மரக்கலங்கள் முன்பே எஞ்சினுக்கு மாறியிருந்தன. தூத்துக்குடி தாமதமாகவே மாறியது. அதற்குப் பழைமைப் பற்றைக் காரணம் சொல்வது எளிது. முதலீடும் அதற்கேற்ற வருமானமும் இல்லாமையே பெரிய காரணமாக இருந்திருக்க வேண்டும்.

பாய்த்தோணியில் காற்றின் இழுப்பு பாய்மரத்தின் வழியாக மேலிருந்து இறங்கி உடல் முழுவதும் பரவும். எஞ்சின் அப்படியல்ல. அதன் எடை முழுவதும் பின்பக்கத்தில் ஓரிடத்தில் அமர்கிறது. பின்பகுதி தாழ்ந்தால் அணியம் தூக்கும். சரக்கு அடுக்கும் முறையையே மாற்ற வேண்டியிருக்கும். சுழல்விசிறியின் தண்டு வெளியேற ஏராவின் பின்முனையில் நிற்கும் கட்டையைத் துளைக்க வேண்டும். அந்தத் துளை வழியாக நீர் கசியாமல் காப்பது தச்சருக்குப் புதுவேலை. இவற்றைவிடப் பொல்லாதது அதிர்வு. பலகை இடுக்குகளில் பஞ்சு திணித்து அடைக்கும் கலப்பத்து வேலை, அலையின் மெதுவான முறுக்கலுக்குத் தாங்கும். இடைவிடாத எஞ்சின் நடுக்கத்தில் அது தளர்ந்துவிடும். எஞ்சின் அறைக்கும் டீசல் தொட்டிக்கும் இடம் விட்டதால் சரக்கு இடம் குறைந்தது. மரக்கலத்துக்குள் தீயும் எரிபொருளும் வந்து சேர்ந்தன. தண்டலோடு எஞ்சின் டிரைவரும் ஏறினார். மறுபுறம், காற்று விழுந்தாலும் கரை சேரலாம். தோணிக்குள் ஊறும் நீரைக் கையால் இறைக்காமல் பம்பு வைத்து வெளியேற்றலாம். ஆபத்தின் அளவு கூடியதா குறைந்ததா என்று ஒரே சொல்லில் சொல்ல முடியாது. வேறுவகை ஆபத்து ஆகிவிட்டது என்பதே சரி.

சட்டமும் பாலிசியும்

1958ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டம் பாய்க்கலத்துக்குத் தந்த இலக்கணம் சுவையானது. எஞ்சின் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பாயால் மட்டுமே ஓடுவதற்குப் போதிய பாய்ப்பரப்பு உள்ள கலம் பாய்க்கலம். ஆகவே எஞ்சின் பொருத்திய தோணி, பாயைக் கழற்றி எறியாத வரையில் பழைய வகுப்பிலேயே நின்றது; ‘விசைப்பாய்க்கலம்’ என்ற பெயர் அப்படி வந்ததே. ஆனால் பதிவுச் சான்றில் எழுதியிருப்பதற்கும் கலத்துக்கும் பொருத்தம் இல்லாமல் போகும்படி மாற்றம் செய்தால், உரிமையாளர் அதைப் பதிவாளருக்குத் தெரிவித்தாக வேண்டும்.

காப்பீட்டின் கணக்கு வேறு. 1963ஆம் ஆண்டின் கடல்சார் காப்பீட்டுச் சட்டம் கடல்சார் காப்பீட்டை முழு நம்பிக்கையின் மேல் நிற்கும் ஒப்பந்தம் என்கிறது. கட்டணத்தை முடிவு செய்ய உதவும் எந்தச் செய்தியையும் காப்பீடு எடுப்பவர் தாமே முன்வந்து சொல்ல வேண்டும். கேட்கவில்லையே என்று பின்னர் வாதாட இடமில்லை. ஒரு பயணத்துக்கென்று எடுக்கும் பாலிசியில், புறப்படும்போது கலம் கடலோடத் தகுதியாக இருந்தது என்ற உறுதிமொழி எழுதாமலே அடங்கியிருக்கிறது. தளர்ந்த கலப்பத்தோடு போன தோணி மூழ்கினால் கேள்வி அங்கேதான் எழும்.

சரக்குக் காப்பீட்டில் இன்னொரு தடை. உலகெங்கும் வழங்கும் காப்பீட்டு விதிக்கூறு ஒன்றின்படி, வழக்கமான கட்டணம் எஞ்சினால் ஓடும், எஃகால் கட்டப்பட்ட, தரச்சங்கம் ஒன்றில் வகைப்படுத்தப்பட்ட கப்பல்களுக்கே பொருந்தும். வயது வரம்பும் உண்டு. பெருஞ்செலவில் எஞ்சின் பொருத்திய தோணிக்காரர் இவற்றில் முதல் நிபந்தனையை மட்டுமே நிறைவேற்றினார். தோணி மரமாகவே இருந்தது. தரச்சங்கப் பதிவும் இல்லை. ஒரே தோணியில் குடும்பத்தின் முதல் முழுவதையும் போட்டிருந்தவருக்கு இது சிறிய செய்தியன்று.

டர்போ வந்தபின்

இருக்கும் எஞ்சினிலேயே ஆற்றலைக் கூட்டும் வழியும் கடலோடு தொடர்புடையதே. சிலிண்டருக்குள் இயல்பாக நுழைவதைவிடக் கூடுதலான காற்றை அழுத்தித் தள்ளினால் அதற்கேற்பக் கூடுதல் எரிபொருளை எரிக்கலாம். வெளியேறும் புகையின் வேகத்தால் அழுத்தியைச் சுழற்றும் டர்போவுக்கு சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரெட் பூகி 1905இல் காப்புரிமை கோரினார். 1920களில் ‘பிராய்சன்’, ‘ஹான்சஸ்டாட் டான்சிக்’ என்னும் இரு ஜெர்மன் பயணிகள் கப்பல்களின் டீசல் எஞ்சின்கள் டர்போவால் 1750 குதிரைத்திறனிலிருந்து 2500 ஆக உயர்ந்தன. கார்களுக்கு அது 1962இல், அமெரிக்காவில்தான் விற்பனைக்கு வந்தது.

தமிழகக் கரையின் விசைப்படகுகளில் லாரி எஞ்சின்களைக் கடலுக்கேற்ப மாற்றிப் பொருத்துவது நெடுநாள் வழக்கம். டர்போ உள்ள எஞ்சினில் புகைக்குழாய் மிகச் சூடேறும். மரப்படகில் அதை நீரால் குளிரச் செய்யாவிட்டால் அருகிலுள்ள பலகை கருகும். கியர்பெட்டி, தண்டு, விசிறி ஆகியவையும் புதிய ஆற்றலுக்கு ஈடாக இருக்க வேண்டும். 2020ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறை விதிகள் 240 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட எஞ்சினை அனுமதிக்கவில்லை. நாட்டுப்படகு மீனவரின் பிழைப்பையும் மீன்வளத்தையும் காப்பதே இதன் நோக்கம். வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல இருக்கும் இரு எஞ்சின்கள் டர்போவால் வெவ்வேறு ஆற்றல் தரக்கூடும் என்பதால், கண்ணால் பார்த்து அளவை உறுதி செய்வது கடினம்.

காருக்கும் இதே நிலை உண்டு. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்று வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை வலியுறுத்தியது. கூடுதல் ஆற்றலுக்குக் கிளட்ச், பிரேக், குளிரூட்டும் அமைப்பு ஆகியவை ஈடுகொடுக்குமா என்பது பட்டறையின் கேள்வி. காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொன்னோமா என்பது அதற்கும் முன்னால் நிற்கும் கேள்வி. சொல்லாமல் டர்போ பொருத்திய கார் மோதினால், காரின் சேதத்துக்கான கோரிக்கை மறுக்கப்படலாம். அடிபட்ட மூன்றாம் நபருக்கான காப்பீடு சட்டப்படி கட்டாயமானது. பாலிசி நிபந்தனை மீறப்பட்ட பல வழக்குகளில் நீதிமன்றங்கள், நிறுவனம் முதலில் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டுப் பின்னர் அதை உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று உத்தரவிட்டுள்ளன.