பூண்டின் வாடையும் அதன் மருத்துவ வரலாறும்

பச்சைப் பூண்டை உண்டவர் அதன் வாடையுடன் பள்ளிவாசலுக்கு வரலாகாது என்னும் நபிமொழியை நாம் அனைவரும் அறிவோம். பூண்டின் மருத்துவ ஆய்வும் இறுதியில் அந்த வாடையிடமே சென்று சேர்ந்தது வியப்புக்குரியது.

கி.மு. 1550 அளவில் எகிப்தில் எழுதப்பட்ட ஏபர்ஸ் மருத்துவச் சுவடியில் பூண்டு இடம்பெற்றுள்ளது. துத்தன்காமூன் மன்னனின் கல்லறையிலும் உலர்ந்த பூண்டு கிடைத்தது. கிரேக்க மருத்துவர் டயாஸ்கோரிடிஸும், அவருக்குப் பல நூற்றாண்டுகளின் பின் 'அல்கானூன்' இயற்றிய இப்னு சீனாவும் அதன் குணங்களை எழுதி வைத்தனர்.

காரணம் விளங்கியது 1944 ஆம் ஆண்டில்தான். அமெரிக்க வேதியியலாளர்களான காவலிட்டோவும் பெய்லியும் பூண்டிலிருந்து அல்லிசின் என்னும் கந்தகச் சேர்மத்தைப் பிரித்து, அது நுண்கிருமிகளை அழிப்பதைக் காட்டினர். முழுப் பல்லில் அல்லிசின் இல்லை. நசுக்கும்போது அல்லியின் என்ற பொருளுடன் ஒரு நொதி கலந்து அது உருவாகிறது. கடும் வாடையும் அப்போதே எழுகிறது. வேகவைத்தால் நொதி அழிந்துவிடும். சமைத்த பூண்டு அவ்வளவாக நாறாததன் காரணம் இதுவே.

கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையை நிறுத்திவிட்டுப் பூண்டையே நம்புவோர் நம்மிடையே உளர். 2007 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 192 பேர் 6 மாதங்கள் பங்கேற்றனர். பச்சைப் பூண்டோ பூண்டு மாத்திரையோ அவர்களது கெட்ட கொழுப்பைக் குறைக்கவில்லை. மேலும், பூண்டு இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தக்கூடும். ஆதலால் வார்ஃபரின் உட்கொள்வோரும் அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருப்போரும் பூண்டு மாத்திரை உண்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவித்தல் வேண்டும்.