அத்தைப்பாட்டியின் கையும் ஒரு மெழுகுக் கட்டியும்

எங்க அத்தைப்பாட்டிக்கு வலது கை எப்பவும் வீங்கியே இருக்கும். ரவிக்கையில அந்தக் கைக்கு மட்டும் தையலைப் பிரிச்சு விட்டிருப்பாங்க. 1972-ல மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன். மார்பகம், அடியில இருந்த தசை, அக்குள் நிணநீர் முடிச்சுகள்னு எல்லாத்தையும் மொத்தமா எடுத்துட்டாங்க. கேட்டா, "வேரோட எடுத்தாச்சுடா, அதான் இருக்கேன்"னு சிரிப்பாங்க.

அந்த 'வேரோட'வுக்குப் பின்னாடி ஒரு கதை இருக்குன்னு, பிட்ஸ்பர்க் வந்து புள்ளியியல் படிக்க ஆரம்பிச்சப்புறம்தான் தெரிஞ்சது.

1894-ல அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட், தான் ஆபரேஷன் செய்த 50 பேரைப் பற்றி எழுதினார். புற்றுநோய் ஓரிடத்தில் தொடங்கி அக்கம்பக்கமா வரிசையா பரவும், அதனால எவ்வளவு அகலமா வெட்டுறோமோ அவ்வளவு நல்லது என்பது அவர் கணக்கு. ஏறத்தாழ 80 வருஷம் அதுதான் வேதவாக்கு.

அதைக் கேள்வி கேட்டவர் எங்க ஊர்க்காரர், பெர்னார்ட் ஃபிஷர் (1918-2019). (பிட்ஸ்பர்க் இப்ப எங்க ஊர்தானே மக்களே!) புற்றணுக்கள் ஆரம்பத்திலேயே ரத்தத்தில் கலந்திடலாம், அப்படின்னா கத்தியின் அகலம் முடிவை மாத்தாது என்றார். சொன்னதோட நிக்கலை. 1971-ல ஆய்வு தொடங்கி, யாருக்கு எந்த ஆபரேஷன் என்பதை சீட்டுக் குலுக்கிப் போடுற மாதிரி தீர்மானிச்சாங்க. 25 வருஷம் கழிச்சும் உயிர் பிழைத்ததில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை!

அடுத்து 1976-ல இன்னொரு ஆய்வு. கட்டியை மட்டும் எடுத்தா போதுமா? 20 வருஷக் கணக்கு 2002-ல வந்தது. உயிர் பிழைப்பதில் அப்பவும் வித்தியாசம் இல்லை. ஆனா அதே மார்பகத்தில் நோய் திரும்ப வந்தது, கதிர்வீச்சு கொடுத்தவங்களுக்கு 14.3 சதவீதம், கொடுக்காதவங்களுக்கு 39.2 சதவீதம். ஆக, கட்டியோட கதிர்வீச்சும் வேணும்.

சரி, கத்தி சின்னதாச்சு. கீமோ யாருக்கு வேணும்? இங்கதான் எனக்குப் பிடிச்ச இடம் வருது. 1980களில் ஃபிஷர் குழுவினர் நடத்திய டமாக்சிஃபன் ஆய்வில் எடுத்த கட்டிகளை மெழுகில் பதிச்சு பத்திரமா வெச்சிருந்தாங்க. அவற்றில் 668 பேருடைய கட்டிகளில் 21 மரபணுக்களை அளந்து மதிப்பெண் போட்டு 2004-ல வெளியிட்டாங்க. பத்து வருஷத்தில் நோய் வேற உறுப்புக்குப் பரவியது, குறைந்த மதிப்பெண்காரங்களில் 6.8 சதவீதம், அதிக மதிப்பெண்காரங்களில் 30.5 சதவீதம்.

நடுவில் இருக்கிறவங்க? கணிப்பை மட்டும் வெச்சுக்கிட்டு மருந்தை நிறுத்தினா அது ஜோசியம். அதனால நடுத்தர மதிப்பெண் வாங்கின 6,711 பேரைத் திரும்பவும் சீட்டுக் குலுக்கிப் பிரிச்சாங்க. 2018-ல முடிவு வந்தது. ஹார்மோன் மருந்து மட்டும் எடுத்தவங்களும் கீமோவும் சேர்த்து எடுத்தவங்களும், ஒன்பது வருஷம் கழிச்சு ஏறக்குறைய ஒரே நிலைமையில்தான் இருந்தாங்க. 50 வயசுக்கு உட்பட்ட சிலருக்கு மட்டும் கீமோ கொஞ்சம் உதவுது. மத்தவங்க முடி கொட்டாம, வாந்தி எடுக்காம தப்பிச்சாங்க.

அத்தைப்பாட்டியின் டாக்டரைக் குறை சொல்ல வரலை. அன்னைக்கு ஊருலகத்துக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். அவங்க ஆபரேஷன் மேசையில் படுத்த அதே வருஷம், இங்க முகம் தெரியாத பெண்கள் "எனக்கு எது விழுந்தாலும் சரி"ன்னு கையெழுத்துப் போட்டுக்கிட்டு இருந்திருக்காங்க.

வகுப்பில் வரைபடத்துல ரெண்டு கோடும் ஒட்டியே போறதைப் பார்த்து "வித்தியாசம் இல்லை"ன்னு எழுதிட்டுப் போயிடுறோம். இப்பல்லாம் எனக்கு அதைப் பார்த்தா அந்தப் பிரிச்சு விட்ட தையல்தான் ஞாபகம் வருது.