ஓடுகிற கம்ப்யூட்டரில் மாட்டுவதும் கழற்றுவதும்



சேலம், நாமக்கல் பக்கம் இன்று பல வீட்டில் ஒரு பிள்ளையாவது பெங்களூருவில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறது. "என்ன வேலை சாமி பாக்குறே?" என்று அம்மாயி கேட்டால், "சும்மா பொட்டி தட்டற வேலைதான் அம்மாயி" என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறார்கள். எனக்கு அந்தப் பதிலில் எப்போதும் மனக்குறை உண்டு. செய்கிற வேலைக்கு ஒரு வரலாறு இருக்கிறது, அதை வீட்டில் சொன்னால் என்ன? ராசிபுரம் பக்கம் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருவன் போன தீபாவளிக்கு வந்திருந்தான். பிடித்து உட்கார வைத்துக் கேட்டேன். இரண்டு மணி நேரம் பொறுமையாகச் சொன்னான். அதன்பின் நானாகத் தேடிப் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

ஒரு காம்பவுண்டுக்குள் பத்து லைன் வீடு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலம் ஒன்று, போர் ஒன்று. ஆனால் ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனிக் கதவு, தனி மீட்டர். பெரிய சர்வர் ஒன்றுக்குள் இப்படிப் பல கம்ப்யூட்டர்கள் குடியிருக்கின்றன. வர்ச்சுவல் மெஷின் என்பது அதுதான். உள்ளே ஓடும் விண்டோஸுக்கோ லினக்ஸுக்கோ தன்னுடைய மெமரி, டிஸ்க், நெட்வொர்க் கார்டு எல்லாம் நிஜம் என்றே தோன்றும். உண்மையில் அவ்வளவும் ஒரு மென்பொருள் போடும் வேஷம்.

இந்த யோசனை பழையது. ஐ.பி.எம். தன் பெரிய கம்ப்யூட்டர்களுக்கு வி.எம்./370 என்ற பெயரில் 1972-லேயே இதை அறிவித்துவிட்டது. நாம் பார்க்கப்போவது கியூஎமு என்ற மென்பொருள். பிரான்சைச் சேர்ந்த ஃபாப்ரிஸ் பெல்லார்ட் 2003-ல் வெளியிட்டது. மூல நிரல் எல்லோருக்கும் திறந்தது, யாரும் எடுத்துத் திருத்தலாம். (ஈமு என்றதும் பெருந்துறைப் பக்கம் கோழி வாங்கிப் பணத்தை விட்டவர்களுக்கு அடிவயிறு கலங்கும். இது அந்த ஈமு இல்லை.) பெல்லார்ட் சாதாரண ஆள் இல்லை. 2009-ல் ஒரு மேசைக் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டே பையின் மதிப்பை 2.7 லட்சம் கோடி இலக்கங்கள் வரை கணக்கிட்டவர். 22/7 என்று போர்டில் எழுதியே காலம் தள்ளிய எனக்கு இதைப் படித்தபோது தலை சுற்றியது.

கியூஎமு முதலில் மெதுவாகத்தான் ஓடியது. ஏவி கிவிட்டி என்பவர் 2006-ல் கே.வி.எம். என்ற பகுதியை எழுதி, அது 2007 பிப்ரவரியில் லினக்ஸ் 2.6.20-ல் சேர்ந்தது. அதன்பிறகு இரண்டும் கைகோத்து வேகம் பிடித்தன. கம்பெனிகள் இதை நம்பி வியாபாரம் செய்யத் தொடங்கின. வியாபாரம் வந்ததும், ஓடுகிற மெஷினை நிறுத்தாமல் புது டிஸ்க்கோ நெட்வொர்க் கார்டோ சேர்க்க வேண்டும் என்ற தேவையும் வந்தது. ரிசல்ட் வெளியாகும் காலையில் கூட்டம் முண்டியடிக்கும்போது மெஷினை நிறுத்தி நிறுத்தி ஏற்ற முடியுமா? மெயினை அணைக்காமலே புது ஃபேனை மாட்டுவது போன்ற இந்த வித்தைக்கு ஹாட்பிளக் என்று பெயர்.

2009 பிப்ரவரியில் மார்செலோ டோசாட்டி என்ற பிரேசில்காரர் கியூஎமுவில் பி.சி.ஐ. சாதனங்களுக்கு இந்த வசதியை எழுதிச் சேர்த்தார். 18 வயதிலேயே லினக்ஸ் 2.4 கர்னலைப் பராமரிக்கும் பொறுப்பு கிடைத்தவர் இவர். (என் பேரப்பிள்ளைகள் இந்த வரியைக் கவனிக்கவும்.) அதே ஆண்டு டிசம்பரில் வந்த 0.12 பதிப்பில், எந்தச் சாதனமானாலும் ஒரே முறையில் சேர்க்கிற 'டிவைஸ் ஆட்' கட்டளையும் வந்துவிட்டது.

இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. பின்னால் மாடி எடுக்கிற எண்ணம் இருந்தால், கீழ்வீடு கட்டும்போதே தூண் கம்பியை மேலே நீட்டிவிட்டு வைப்போம் இல்லையா? கம்பி விடாத தூணில் மாடி ஏறாது. வர்ச்சுவல் மெஷினும் அப்படித்தான். எத்தனை பிராசஸர் வரை சேர்க்கலாம், மெமரிக்கு எத்தனை காலி இடம், உச்ச அளவு என்ன என்பதையெல்லாம் மெஷினைத் தொடங்கும்போதே எழுதிவிட வேண்டும். கியூ35 என்ற புதிய வகை மெஷினில் காலி போர்ட்டுகளையும் முன்கூட்டியே வைக்க வேண்டும். ஓட்டத்தின் நடுவே அந்த போர்ட்டையே புதிதாகச் சேர்க்க வழியில்லை. "அப்போ நூறு போர்ட்டா வெச்சுட்டாப் போச்சு!" என்றேன். "காலியா இருந்தாலும் ஒவ்வொண்ணும் கொஞ்சம் முகவரி இடத்தைப் புடிச்சுக்குமுங்க டீச்சர்" என்றான்.

இந்த வேலையில் நம் பக்கத்துப் பங்கும் உண்டு. சேலத்திலிருந்து பஸ் ஏறினால் சில மணி நேரத்தில் போய்விடக்கூடிய பெங்களூருவில், ஐ.பி.எம்.மில் இருந்த பரதா ராவ் என்பவர் பவர் வகைக் கம்ப்யூட்டர்களுக்காக இதை எழுதினார். மெமரியை ஓட்டத்தில் சேர்க்கும் வசதி 2015 இறுதியில் 2.5 பதிப்பிலும், பிராசஸரைச் சேர்ப்பது 2016-ல் 2.7 பதிப்பிலும் வந்தன. மெமரியை 256 எம்.பி. துண்டுகளாகத்தான் சேர்க்க முடியும். துண்டைத் திரும்ப எடுக்க வேண்டுமென்றால் உள்ளே இருக்கும் லினக்ஸ் முதலில் சாமான்களை வேறு இடத்துக்கு மாற்றிக் காலி செய்து தர வேண்டும். காலி செய்ய மாட்டேன் என்றால் எடுக்க முடியாது. குடித்தனக்காரர் சம்மதம் எவ்வளவு முக்கியம் பாருங்கள்!

டிஸ்க், கார்டுக்கும் இதே கதைதான். 'கழற்று' என்று வெளியிலிருந்து கட்டளை கொடுத்தால் உடனே கழலாது. அது ஒரு வேண்டுகோள் மட்டுமே. நிஜ சர்வர்களில் கார்டு மாட்டும் இடத்துக்கு அருகே ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்தினால் விளக்கு ஐந்து வினாடி மினுக்கும். அதற்குள் மறுபடி அழுத்தினால் "வேண்டாம், விட்டுவிடு" என்று பொருள். கியூஎமுவும் இல்லாத பட்டனை அழுத்துவது போல் அப்படியே நடிக்கிறது. அவசரக்காரர் ஒருவர் கழற்றச் சொல்லி இரண்டு தடவை கட்டளை கொடுத்தால் அது ரத்து என்று ஆகிவிடும் சங்கடமும் இதனால் வந்தது.

இதுவரை சொன்னது வீட்டுக்காரர் கழற்றுவது. குடித்தனக்காரரே கழற்றினால்?

பென் டிரைவை எடுக்குமுன் விண்டோஸில் கீழ் மூலையில் 'பத்திரமாக அகற்று' என்று ஒரு சின்னம் வருமே, எல்லோருக்கும் தெரியும். வர்ச்சுவல் மெஷினில் எல்லாமே கழற்றக்கூடியதாக இருந்ததால், அந்தப் பட்டியலில் நெட்வொர்க் கார்டும் வந்து நின்றது. தொலைவில் எங்கோ உட்கார்ந்து நெட்வொர்க் வழியாகவே அந்த மெஷினில் வேலை செய்கிறவர், இது என்னவோ என்று ஒரு கிளிக் செய்தால் போதும். ஏறி நிற்கிற ஏணியைத் தானே தள்ளிவிட்ட கதைதான். திரை உறைந்துவிடும், அவரால் திரும்பி உள்ளே வர முடியாது. நிர்வாகி வெளியிலிருந்து வந்துதான் கார்டை மறுபடி மாட்ட வேண்டும். ஆயிரம் பேருக்கு மெஷின் கொடுத்திருக்கும் அலுவலகத்தில் இது எத்தனை தலைவலி என்று யோசியுங்கள்.

இதற்குத் தீர்வு 2020-ல்தான் வந்தது. ஏப்ரலில் வந்த 5.0 பதிப்பில் கியூ35-இன் ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஹாட்பிளக் வேண்டுமா வேண்டாமா என்று தனித்தனியாகக் குறிக்கும் வசதியை ஜூலியா சுவோரோவா சேர்த்தார். இன்டெலின் 1996-ஆம் ஆண்டுச் சிப்பைப் போல வேஷம் போடும் பழைய வகை மெஷினுக்கு, டிசம்பரில் வந்த 5.2 பதிப்பில் அனி சின்ஹா ஒரு சுவிட்ச் வைத்தார். மாட்டுகிற வசதி வந்து, அதை வேண்டாம் என்று சொல்லும் வசதி வர 11 ஆண்டு ஆகியிருக்கிறது. இந்த இரண்டாவது வேலையைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். புதிதாக ஒன்றைக் கொண்டுவருகிறவருக்குக் கைதட்டல் கிடைக்கும். பூட்டு வைக்கிறவரை யாரும் கவனிப்பதில்லை.

அந்தப் பழைய வகைச் சுவிட்சில் ஒரு குறை உண்டு. அது முதன்மைப் பாதை முழுவதையும் பூட்டும். அணைத்துவிட்டால் வீட்டுக்காரரும் அந்தப் பாதையில் எதையும் ஓட்டத்தில் மாட்டவோ கழற்றவோ முடியாது. அதனால் தன் அலுவலகத்தில் மெல்ல மெல்ல கியூ35-க்கு மாறி வருவதாக அவன் சொன்னான். நெட்வொர்க் கார்டு இருக்கும் போர்ட்டுக்கு ஹாட்பிளக் கிடையாது, டிஸ்க் போர்ட்டுகளுக்கு உண்டு, கூடவே நான்கு போர்ட் காலி. "நாலு போதுமா?" என்று கேட்டேன். "இதுவரைக்கும் மூணுக்கு மேல யாரும் கேக்கலீங்க டீச்சர்" என்றான்.