குருதி வகை உணவுமுறையும் மசாலாத் தேநீரும்

குருதி வகை உணவுமுறை என்பது ஏ, பி, ஏபி, ஓ என்னும் குருதி வகைகளுக்கேற்ப ஒருவர் உண்ணத்தக்கவற்றையும் தவிர்க்கத்தக்கவற்றையும் வகுத்துக் கூறும் ஓர் உணவுமுறையாகும். அமெரிக்க இயற்கை மருத்துவர் பீட்டர் டி'அடாமோ 1996 இல் வெளியிட்ட நூலின் வழியாக இது பரவலாக அறியப்பட்டது. இதனைப் பின்பற்றுவோர் மசாலாத் தேநீரில் இடும் பொருட்களையும் தம் குருதி வகைக்கேற்ப மாற்றிக்கொள்வதுண்டு. அவ்வாறு மாற்றுவதால் நன்மை விளையும் என்பதற்கு அறிவியல் சான்று இல்லை.

அடிப்படைக் கருத்து

குருதி வகைகளைக் கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் 1901 இல் விளக்கினார். இதற்காக 1930 இல் நோபல் பரிசு பெற்றார். குருதி மாற்றீட்டில் இவ்வகைப்பாடு உயிர் காக்கும் அறிவாகும். டி'அடாமோ இதனை உணவுக்கும் விரித்தார். ஓ வகை வேட்டையாடிய மாந்தருக்கும், ஏ வகை உழவருக்கும், பி வகை மேய்ச்சல் மக்களுக்கும் உரியது என்றும், உணவிலுள்ள இலெக்டின் என்னும் புரதங்கள் பொருந்தாத குருதியைத் திரளச் செய்யும் என்றும் அவர் கூறினார்.

இலெக்டின்களுள் சில குறிப்பிட்ட குருதி வகையை மட்டும் திரளச் செய்வது ஆய்வகத்தில் காணப்பட்ட உண்மையே. ஆயினும் பெரும்பாலானவை வகை வேறுபாடு பார்ப்பதில்லை. நன்கு கொதிக்க வைத்தால் அவற்றுள் பல செயலிழந்தும் விடுகின்றன. தேநீரோ கொதிக்க வைத்தே அருந்தப்படுவது. வேட்டை, உழவு என்னும் வரலாற்று விளக்கமும் நிலைக்கவில்லை. ஏ, பி வேறுபாடு மனிதருக்கும் சில குரங்கினங்களுக்கும் பொதுவானது என்றும், குறைந்தது 2 கோடி ஆண்டுகள் பழமையானது என்றும் 2012 இல் வெளியான மரபியல் ஆய்வொன்று காட்டியது.

தேநீரில் செய்யப்படும் மாற்றங்கள்

தேயிலை, பால், சர்க்கரை ஆகியவற்றுடன் இஞ்சி, ஏலம், இலவங்கப்பட்டை, கிராம்பு, மிளகு முதலியன சேர்வதே மசாலாத் தேநீர். டி'அடாமோவின் முதல் நூற்பட்டியலின்படி ஓ வகையினர் கறுப்புத் தேயிலை, பசும்பால், இலவங்கப்பட்டை, மிளகு ஆகிய நான்கையும் விலக்க வேண்டும். எஞ்சுவதைத் தேநீர் என்பது அரிது. ஏ வகையினர் தேயிலையையும் பாலையும் மிளகையும் விலக்க வேண்டும். இஞ்சி அவர்களுக்கு நல்லது. பி வகையினருக்குப் பால் ஏற்றது, இலவங்கப்பட்டை ஆகாது. மிளகு நான்கு வகையினருக்குமே விலக்கப்பட்டுள்ளது.

தாய் ஏ வகையும் தந்தை பி வகையுமாக இருந்தால் பிள்ளைகள் நான்கு வகைகளுள் எதிலும் பிறக்கக்கூடும். அத்தகைய வீட்டில் பட்டியலை முறையாகப் பின்பற்ற ஒரு வேளைக்கு நான்கு பாத்திரங்கள் தேவைப்படும்.

காஞ்சிபுரத்து வழக்கம்

மிளகை அனைவருக்கும் விலக்கும் இப்பட்டியலைத் தமிழ்நாட்டு உணவு வழக்கத்துடன் ஒப்பிடக் காஞ்சிபுரம் தக்க எடுத்துக்காட்டாகும். பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற இந்நகரின் வரதராசப் பெருமாள் கோயிலில் படைக்கப்படும் காஞ்சிபுரம் இட்லியில் மிளகு, சீரகம், சுக்கு, நெய் ஆகியன சேர்கின்றன. இலை பரப்பிய மூங்கில் குடலையில் மாவை ஊற்றி வேகவைப்பதால் இதற்குக் குடலை இட்லி என்றும் பெயர். இப்பிரசாதத்தைப் பெறுவோரின் குருதி வகையை எவரும் கேட்பதில்லை.

தமிழ்நாடெங்கும் அருந்தப்படும் சுக்குக் காப்பியும் இத்தகையதே. சுக்கு, மிளகு, கொத்தமல்லி விதை, கருப்பட்டி இட்டுக் காய்ச்சப்படும் இதில், பெயர் அவ்வாறு இருப்பினும், பெரும்பாலும் காப்பித்தூள் இருப்பதில்லை. சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றையும் திரிகடுகம் எனத் தொகுத்த சித்த மருத்துவம் ஆளுக்கு ஆள் உணவு மாறும் என்பதை ஏற்கிறது. ஆனால் அதன் அளவுகோல் வளி, அழல், ஐயம் என்பனவாகும். இவற்றைக் குருதி வகையுடன் இணைத்துப் பேசுவது அண்மைக்காலக் கலவையே அன்றி மரபன்று.

ஆய்வு முடிவுகள்

2013 இல் அமெரிக்க மருத்துவ ஊட்டச்சத்து இதழில் வெளியான முறைசார் மீளாய்வு, இவ்வுணவுமுறையின் பயனை உறுதிப்படுத்தும் சான்று எதுவும் இல்லை என முடிவு செய்தது. 2014 இல் தொராண்டோ பல்கலைக்கழகத்தினர் 1,455 பேரின் தரவுகளை ஆராய்ந்தனர். காய்கறி மிகுந்த ஏ வகை உணவை ஒத்து உண்டோரிடம் உடல் எடை, குருதியழுத்தம் முதலியன நல்ல நிலையில் இருந்தன. ஆனால் அவர்களின் குருதி வகை எதுவாயினும் அவ்வாறே இருந்தது. இம்முறையால் நலம் பெற்றதாகக் கூறுவோரின் பட்டறிவு இதனால் பொய்யாகிவிடாது. நலம் தந்தது உணவே, குருதி வகை அன்று.

கவனிக்க வேண்டியவை

தேநீரின் சேர்பொருளை மாற்ற வேறு காரணங்கள் உள்ளன. தேயிலையிலுள்ள பல்பீனால்கள் தாவர உணவிலுள்ள இரும்புச்சத்து உறிஞ்சப்படுவதைக் குறைக்கின்றன. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 அகவை வரையிலான பெண்களுள் 57 விழுக்காட்டினருக்குக் குருதிச்சோகை இருந்தது. ஆகவே உணவுடன் அன்றி, ஒரு மணி நேர இடைவெளி விட்டுத் தேநீர் அருந்துவது எந்தக் குருதி வகையினருக்கும் பொருந்தும்.

கடைகளில் மலிவாகக் கிடைக்கும் காசியா வகைப் பட்டையில் குமரின் என்னும் வேதிப்பொருள் மிகுதி. இலங்கைப் பட்டையில் மிகக் குறைவு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராம் குமரினை ஏற்கத்தக்க அளவாகக் கொள்கிறது. கல்லீரல் நோயுடையோர் காசியாவைக் குறைப்பது நன்று. மிளகிலுள்ள பைப்பரின் சில மருந்துகளின் அளவைக் குருதியில் உயர்த்தக்கூடும். நீரிழிவு உடையவருக்கு முதலில் குறைய வேண்டியது சர்க்கரையே. கருப்பட்டியும் சர்க்கரைக் கணக்கிலேயே சேரும்.