தேம்ஸ் நதியும் ஒரு முப்பது வருடக் கணக்கும்

1953 ஜனவரி 31, சனிக்கிழமை இரவு. வட கடலில் வீசிய புயல், கடல் நீரை இங்கிலாந்தின் கிழக்குக் கரையோரமாகத் தெற்கே தள்ளிக்கொண்டு வந்தது. லிங்கன்ஷயர் கரையில் மாலை 7 மணி வாக்கிலேயே வெள்ளம் புகுந்துவிட்டது. தேம்ஸ் கழிமுகத்தில் உள்ள கேன்வி தீவை அது எட்டியபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. இடையில் பல மணி நேரம் அவகாசம் இருந்தது. ஆனால் வடக்கே நடந்ததைத் தெற்கே இருப்பவர்களுக்குச் சொல்ல முறையான ஏற்பாடு எதுவும் இல்லை. தூங்கிக்கொண்டிருந்த கேன்வி மக்களில் 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இங்கிலாந்தில் மொத்தம் 307 பேர். நெதர்லாந்தில் 1800க்கும் மேல்.

மத்திய லண்டன் அன்று தப்பியது. ஆனால் 1928ல் அங்கேயே தேம்ஸ் கரை உடைந்து 14 பேர் மூழ்கி இறந்திருந்தார்கள். ஆபத்து எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

1954ல் வேவர்லி கமிட்டி, நதியின் குறுக்கே மூடித் திறக்கும் தடுப்பு ஒன்று வேண்டும் என்றது. கட்டுமான வேலை தொடங்கியதோ 1974ல்! ஏன் இத்தனை தாமதம்? முக்கியக் காரணம் துறைமுகம். பெரிய கப்பல்கள் லண்டனுக்குள் வர வேண்டுமானால் கதவுகள் மிக அகலமாக இருக்க வேண்டும். அதைக் கட்டுவது எப்படி என்ற விவாதம் நீண்டுகொண்டே போனது. அதற்குள் கன்டெய்னர் கப்பல்கள் வந்தன. துறைமுகம் கீழே டில்பரிக்கு நகர்ந்தது. 1967ல் விஞ்ஞானி ஹெர்மன் பாண்டி கொடுத்த அறிக்கை, இனியும் தள்ளிப்போடக் கூடாது என்பதை வலியுறுத்தியது. 1972ல் சட்டம் வந்தது. 1982ல் வேலை முடிந்து, 1984ல் ராணி எலிசபெத் திறந்து வைத்தார்.

வூல்விச்சில் இருக்கும் இந்தத் தேம்ஸ் பேரியரின் நீளம் 520 மீட்டர். பெரிய கதவுகள் நான்கும் 61 மீட்டர் அகலம். மற்ற நாட்களில் அவை ஆற்றுப் படுகையில் படுத்திருக்கும், கப்பல்கள் மேலே போகும். புயல் எச்சரிக்கை வந்தால் எழுந்து நிற்கும். இதுவரை 200 தடவைக்கு மேல் மூடியிருக்கிறார்கள். 2013-14 குளிர்காலத்தில் மட்டும் 50 தடவை.

காத்திருந்த அந்த 20 வருடத்தில் 1953 போல இன்னொரு இரவு வந்திருந்தால்? வரவில்லை. அது அதிர்ஷ்டம், திட்டம் அல்ல.

அடுத்த கட்டத்துக்காக 2002ல் ஆய்வைத் தொடங்கி, 2012ல் 'தேம்ஸ் கழிமுகம் 2100' திட்டத்தை ஏற்றுக்கொண்டார்கள். 2100க்குள் கடல் எவ்வளவு உயரும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. தேவைக்கு மேல் கட்டினால் பணம் வீண். குறைத்துக் கட்டினால் ஊர் போய்விடும். எனவே ஒரே பெரிய முடிவாக எடுக்காமல், பல வழிகளை வைத்துக்கொண்டு, கடல் மட்டத்தை அளந்துகொண்டே வந்து, எதை எப்போது தேர்வு செய்வது என்பதற்குத் தேதி குறித்தார்கள். வணிகவியல் பாடத்தில் வரும் 'ஆப்ஷன்' மாதிரிதான் இது. முடிவைத் தள்ளிப்போடும் உரிமைக்கும் ஒரு மதிப்பு உண்டு. ஆனால் அதற்குக் காலாவதி தேதியும் உண்டு.

2023ல் திட்டத்தைத் திருத்தியபோது, பேரியருக்கு மேற்கே கரைகளை உயர்த்தும் கெடுவை 2065லிருந்து 2050க்கு முன்னால் கொண்டு வந்தார்கள். பேரியரின் எதிர்காலம் பற்றி 2040க்குள் முடிவு, 2070க்குள் புதிய ஏற்பாடு தயார் என்பது கணக்கு.

2040க்கும் 2070க்கும் இடையே ஏன் 30 வருடம் என்று சிலருக்குத் தோன்றலாம். 1954க்கும் 1982க்கும் இடையே எத்தனை வருடம் என்று கழித்துப் பாருங்கள்.